சுன்னாகத்துக் கிணறும் மடுல்சீமைப் பீலியும்

மண்ணுக்கு அடியில் புதைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கி ஒன்று கசிந்து அயலவரின் குடிநீரில் கலந்துவிட்டால், அந்த மண்ணையும் நீரையும் துப்புரவு செய்யும் செலவை யார் ஏற்க வேண்டும்? கசியவிட்டவரே ஏற்க வேண்டும் என்று பாடசாலைப் பிள்ளையும் பதில் சொல்லும். நியாயம் அவ்வளவு எளிது. ஆனால் கசியவிட்டவர் இவர்தான் என்று எப்படி நிரூபிப்பது, அவர் கம்பனியைக் கலைத்துவிட்டுப் போயிருந்தால் யாரிடம் அறவிடுவது, கசிவு தெரியவரும்போது வழக்குத் தொடரும் காலம் கடந்திருந்தால் என்ன செய்வது என்று அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கினால் நமது நாட்டின் சட்டம் தடுமாறி நின்றுவிடுகின்றது. இக்கட்டுரை அந்தத் தடுமாற்றம் பற்றியது.

இதை எழுதத் தூண்டிய இடம் மடுல்சீமை. பதுளையிலிருந்து பசறைக்கு வந்து, அங்கிருந்து மலையேறும் பாதையில் சென்றால் வரும் தேயிலைத் தோட்டங்கள் என் சொந்த மண். உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவ்வூரின் பெயரே புதிதாக இருக்கலாம். அங்குள்ள மக்கள் கிணற்று நீரை நம்பி வாழ்பவர்கள் அல்லர். மலைச்சரிவில் ஊறிவரும் நீரைக் குழாய் வைத்து இறக்கி, லயத்தின் அருகே விழவிடுவார்கள். அதற்குப் பீலி என்று பெயர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதே நீர்தான். பீலியின் மேலே சரிவில் என்ன நடக்கின்றது என்பதைக் கீழே குடத்துடன் நிற்பவர் அறியமாட்டார். அறிந்தாலும் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதித் தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். தோட்டத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. தொழிற்சாலைக் களஞ்சியத்தின் பின்புறம், புல்லுக்கு நடுவே துருப்பிடித்த இரும்புக் குழாயொன்று நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அது என்னவென்று உடன் வந்த முதிய தொழிலாளியிடம் கேட்டேன். "அடியில எண்ணெய்த் தாங்கி இருக்குங்க ஐயா. வெள்ளக்காரன் காலத்துச் சாமான். இப்ப அதுக்கு யாரும் பொறுப்பில்லீங்க" என்றார் அவர். அத்தாங்கி கசிகின்றது என்று நான் எழுதவரவில்லை. அது காலியாக உள்ளதா, அடியில் ஏதேனும் தேங்கியிருக்கின்றதா என்று எவரும் திறந்து பார்த்ததில்லை என்பதே அன்று எனக்குக் கிடைத்த பதில். ஆனால் "யாரும் பொறுப்பில்லை" என்ற அந்த ஒற்றை வாக்கியம் ஒரு சட்டப் பிரச்சினையை முழுமையாகச் சொல்லிவிட்டது.

இலங்கையில் இக்கேள்வி நீதிமன்றம்வரை சென்று ஒரு தீர்ப்பையும் பெற்ற இடம் சுன்னாகம். மடுல்சீமைக்குப் பொருந்தும் பாடத்தை அங்கிருந்துதான் கற்க வேண்டும் என்பதால், அவ்வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

சுன்னாகம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் உள்ள ஊர். இலங்கை மின்சார சபையின் மின்நிலையம் நெடுங்காலமாக அங்கு இருந்துவந்தது. அதே வளாகத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி எண்ணெயில் இயங்கும் அனல்மின் நிலையமொன்றை நடத்தி, மின்சார சபைக்கு மின்சாரம் விற்றது. சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாகவும் நீர் மணப்பதாகவும் மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக இருந்தன. பத்தில் ஏழு கிணறுகளுக்கு மேல்! குடாநாட்டில் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் தங்கி, கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையே அங்குள்ளோரின் ஒரே சொத்து. அப்படிப்பட்ட ஊரில் மக்கள் குடிநீருக்காகப் பவுசர் வண்டியை எதிர்பார்த்து வீதியில் நிற்கும் நிலை வந்தது.

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்தும்படி கட்டளையிட்டது. அதே ஆண்டில், சூழல் மற்றும் இயற்கை ஆய்வு நிலையத்தின் தலைவரான கலாநிதி ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றத்தின் படியேறியவர் ஒரு சிங்கள சூழலியலாளர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2019 ஏப்ரல் 4ஆந் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வெளியாயிற்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் பிரயோகித்தது. கடமையைச் செய்யத் தவறிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் மக்களின் சமத்துவ உரிமையை மீறியதாகத் தீர்மானித்தது. கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 500 கிணறுகள் வரை, ஒரு கிணற்றுக்கு 40,000 ரூபாய் என்பது அதன் கணக்கு.

இத்தீர்ப்பு ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. எப்பாவல பொசுபேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு நீதியரசர் அமரசிங்க நாட்டிய மரம் சுன்னாகத்தில் காய்த்தது எனலாம். அரசு இயற்கை வளங்களின் உரிமையாளர் அன்று, மக்களுக்காக அவற்றைப் பாதுகாக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்ற கருத்து எப்பாவல வழக்கில்தான் இங்கு வேர்கொண்டது. இருந்தாலும், தீர்ப்பைப் பாராட்டிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அதன் எல்லைகளையும் பார்க்க வேண்டும்.

முதலாவது எல்லை, தொகை. 40,000 ரூபாயில் ஒரு கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யலாம். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய இயலாது. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் கிணற்றை இறைத்தால், சுற்றியுள்ள பாறை இடுக்குகளில் உள்ள அதே நீர்தான் திரும்ப ஊறும். எண்ணெய் ஊறிய மண்ணை அகழ்ந்து அகற்றுவதும், நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் வெளியே எடுத்துச் சுத்திகரிப்பதும், சோதனைக் கிணறுகள் வைத்துக் கண்காணிப்பதும்தான் உண்மையான துப்புரவு. தனது கட்டளை முழு இழப்புக்கும் ஈடாகும் என்று நீதிமன்றமும் கருதவில்லை; இழப்பின் ஒரு பகுதிக்கேனும் ஈடாகட்டும் என்ற அளவில்தான் அது வழங்கப்பட்டது.

இரண்டாவது எல்லை, நிரூபணம். அதே வளாகத்தில் மின்சார சபை அதற்கு முன்பே நெடுங்காலம் எண்ணெயைக் கையாண்டிருந்தது. போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கி சேதமுற்றதும் பேசப்பட்டது. ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டுவதற்கு இதைவிட வசதியான சூழ்நிலை வேறென்ன வேண்டும்? நிலத்தடியில் கலந்துவிட்ட எண்ணெயில் இத்துளி உன்னுடையது, அத்துளி என்னுடையது என்று பெயர் எழுதியிருப்பதில்லை. இது போதாதென்று, வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கைக்கும் ஏனைய அறிக்கைகளுக்கும் இடையிலான முரண்பாடு மக்களை மேலும் குழப்பியது.

மூன்றாவது எல்லைதான் மிக முக்கியமானது. சுன்னாகத்தில் பணம் செலுத்துவதற்கு, கண்ணுக்குத் தெரிந்த ஒரு கம்பனி இருந்தது. வழக்கை நடத்த ஓர் அமைப்பு முன்வந்தது. கிணறுகளுக்கு உறுதிப்பத்திரம் வைத்திருந்த உரிமையாளர்கள் இருந்தார்கள். இம்மூன்றும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

நமது சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கின்றது. அனுமதிப்பத்திர முறையையும் வகுத்துள்ளது. ஆனால் நிலத்தடி எண்ணெய்த் தாங்கியைப் புதைப்பவர், அது நாளை கசிந்தால் துப்புரவு செய்யப் போதிய பணத்தை இன்றே பிணையாகக் காட்ட வேண்டும் என்று கோரும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. பாதிக்கப்பட்டவர் சிவில் வழக்குத் தொடுத்தால், ரோமன் டச்சுச் சட்டத்தின்படி எதிராளியின் தவறையோ கவனயீனத்தையோ நிரூபிக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுக் கெடு விதிக்கின்றது. அடிப்படை உரிமை மனு என்றால் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதம்தான். உருக்குத் தாங்கியோ மண்ணுக்கு அடியில் பத்து, இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல அரித்துத் துளித்துளியாகக் கசிவது. ஒரு மாதத்துக்குள் வா என்று சட்டம் அழைக்கின்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் நான் தெரியவருவேன் என்று கசிவு பதில் சொல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் சிக்கியவர் நீரைக் குடித்தவர்.

இனி மடுல்சீமைக்குத் திரும்புவோம். தேயிலை வளர்வது அமிலத்தன்மை மிக்க மண்ணில். ஈரமும் அமிலமும் சேர்ந்த மண், பாதுகாப்புப் பூச்சற்ற இரும்பை விரைவாக அரிக்கும். ஊவா மலைகளின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் மேல் உக்கிய மண்ணும் கற்களும் கொண்ட ஒரு படை. மழைநீர் அப்படையினூடே இறங்கி, பாறையில் முட்டி, சரிவு வெட்டுப்படும் இடத்தில் ஊற்றாக வெளிப்படும். ஆகவே மேலே களஞ்சியத்தின் அடியில் கசிந்தது, கீழே பீலியில் வந்து விழுவதற்கு இயற்கையே வாய்க்கால் வெட்டி வைத்திருக்கின்றது. டீசலாவது மிதந்து, மணந்து தன்னைக் காட்டிக் கொடுக்கும். பெற்றோலில் உள்ள பென்சீன் நீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் வரும். அது புற்றுநோயை உண்டாக்குவது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்கின்றது உலக சுகாதார நிறுவனம். பீலியடியில் குடத்துடன் நிற்கும் ஒரு தாய் அந்த அளவை எந்தக் கண்ணால் காண்பார்?

பொறுப்புச் சங்கிலியைப் பாருங்கள். வெள்ளையர் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிர்வகித்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் அவற்றுக்கு நீண்ட காலக் குத்தகை வழங்கப்பட்டது. நிலம் இன்றும் அரசினுடையது. இந்நிலையில் 1960களில் புதைக்கப்பட்ட ஒரு தாங்கி இன்று கசிந்தால் யார் பொறுப்பு? புதைத்த கம்பனி லண்டன் பதிவேட்டிலிருந்தே மறைந்திருக்கும். குத்தகைக்காரர், "நான் வந்தபோதே அது இருந்தது" என்பார். நிலச் சொந்தக்காரரான அரசு, "நிர்வாகம் எங்களிடம் இல்லை" என்னும். அந்த முதியவர் சொன்னது வெறும் பேச்சு அன்று. இன்றைய சட்ட நிலையை ஒரு சட்டத்தரணியைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

வழக்குத் தொடுப்பவர் பக்கமோ இதைவிட மோசம். லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அது குடியிருக்கும் அறையின் மீதே உரிமைப் பத்திரம் இல்லை. பீலியும் ஊற்றும் தோட்டத்தின் எல்லைக்குள் இருப்பவை. சுன்னாகத்தில் ஒரு கிணற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட முடிந்தது. மடுல்சீமையில் பீலி யாருடைய பெயரில் இருக்கின்றது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் என்ன பதில்? தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடையே 2018இல்தான் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது என்பதை நினைத்தால், இம்மக்கள் எவ்வளவு காலம் சட்டத்தின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது விளங்கும்.

தோட்டத்தை விட்டு, நெடுஞ்சாலைக்கு வந்தாலும் இதே கேள்விதான். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமாக இருந்து முகவர் நடத்தும் எரிபொருள் நிரப்பு நிலையங்கள் உண்டு. முகவருக்கே சொந்தமானவையும் உண்டு. 2003இல் இந்தியன் ஒயில் வந்தது. 2023இல் சீனாவின் சினோபெக் வந்து, ஏற்கெனவே இயங்கிவந்த நிலையங்களைத் தன் பெயருக்கு மாற்றத் தொடங்கியது. பெயர்ப்பலகை ஒரு பகலில் மாறிவிடும். அடியில் உள்ள தாங்கி மாறுவதில்லை. கைமாறும் நாளில் மண்ணும் நீரும் எந்நிலையில் இருந்தன என்று சோதித்துப் பதிவு செய்யாவிட்டால், பத்து ஆண்டுகளின் பின் பழையவரும் புதியவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவர். சுன்னாகத்தில் நாம் பார்த்த அதே நாடகம் ஊருக்கு ஊர் அரங்கேறும்.

உலகில் இதற்குத் தீர்வு கண்டவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவைப் பல விடயங்களில் குறை சொல்பவன் நான். எனினும் இவ்விடயத்தில் அவர்கள் செய்தது படிப்பினைக்குரியது. 1984இல் அங்குள்ள காங்கிரஸ் நிலத்தடித் தாங்கிகளுக்கெனத் தனி ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. கசிவைத் துப்புரவு செய்யும் பொறுப்பு தாங்கியின் சொந்தக்காரருக்கும் அதை இயக்குபவருக்கும் உரியது என்றது. பயன்பாட்டிலிருந்து கைவிடப்பட்டுப்போன பழைய தாங்கிக்கும், அது கைவிடப்படுவதற்குச் சற்று முன்னர் சொந்தக்காரராக இருந்தவரே பொறுப்பு என்று வரையறுத்தது. "வெள்ளக்காரன் காலத்துச் சாமான்" என்ற பதிலுக்கு அங்கு இடமில்லை. 1986இல் ஒவ்வொரு கலன் எரிபொருளின் மீதும் ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்கை வரியாக அறவிட்டு ஒரு நிதியத்தை உருவாக்கினார்கள். சொந்தக்காரர் யாரென்று தெரியாத தாங்கிகளையும், வங்குரோத்தானவர்களின் தாங்கிகளையும் துப்புரவு செய்வதற்காக அந்நிதியம். 1988இல் மற்றொரு விதி வந்தது. எரிபொருள் விற்பவர், ஒரு கசிவுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை செலுத்தும் ஆற்றல் தனக்குண்டு என்பதைக் காப்புறுதி மூலமோ வேறு பிணையம் மூலமோ முன்கூட்டியே காட்ட வேண்டும். பழைய தாங்கிகளைத் தரமுயர்த்துவதற்கு, அல்லது தோண்டி எடுப்பதற்கு, 1998 டிசம்பர் 22 வரை பத்து ஆண்டுகள் அவகாசம் கொடுத்தார்கள். அதன் பயனாக, கண்டறியப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இடங்களில் துப்புரவு முடிந்திருக்கின்றது.

இங்கு கவனிக்க வேண்டியது அந்த மூன்று கால்கள்: தவறு நிரூபிக்கப்பட வேண்டும் என்று காத்திராத பொறுப்பு, முன்கூட்டிய பிணையம், அநாதைத் தாங்கிகளுக்கான நிதியம். முக்காலியில் ஒரு கால் இல்லாவிட்டாலும் அது நிற்காது. நமக்குச் சுன்னாகத் தீர்ப்பு தந்திருப்பது ஒரு காலின் பாதி மட்டுமே.

அண்டை நாடான இந்தியாவும் இத்துறையில் நம்மைவிட முன்னால் நடக்கின்றது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டு வழக்கில், மாசுபடுத்தியவர் இழப்பீடு கொடுப்பதுடன் சூழலை மீட்டெடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் குடியிருப்புகளின் நிலத்தடி நீரில் எரிபொருள் வந்தபோது, பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு தெரியவந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. 2020 ஜனவரியில் வெளியான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டல், பெட்ரோல் நிலையத்தால் மண்ணோ நிலத்தடி நீரோ கெட்டால் மீட்டெடுக்கும் பொறுப்பை எண்ணெய் நிறுவனத்தின் மீது வைக்கின்றது. சிறிய முகவரின் தலையில் கட்டிவிட்டு நிறுவனம் நழுவ முடியாது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கெனத் தனி விதிகளையும் இந்தியா அறிவித்தது. நடைமுறை எவ்வாறிருக்கும் என்பது வேறு விடயம். பொறுப்பாளி யார் என்ற கேள்விக்குக் கடதாசியிலாவது விடை இருக்கின்றது.

தீர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று நமது கடலிலேயே கிடக்கின்றது. 2021இல் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தொடர்பாக, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. கப்பல் நிறுவனமோ அதைச் செலுத்த மறுத்து அறிக்கை விட்டது. உலக நாடுகள் பார்த்திருக்க, நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இட்ட கட்டளைக்கே இந்நிலை என்றால், மலைச்சரிவில் ஒரு பீலிக்காக வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றுவது எத்தனை கடினம்! சேதம் நிகழ்ந்த பிறகு பணத்தைத் துரத்துபவர் பெரும்பாலும் தோற்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயன் என்ன? பணம் கேட்க வேண்டிய நாள் கசிந்த நாளன்று, புதைக்கும் நாள்.

இதற்கு எழும் எதிர்வாதத்தையும் கேட்போம். சிறு முகவர்களும் நட்டத்தில் ஓடும் தோட்டங்களும் இச்செலவைத் தாங்குமா, எரிபொருள் விலை மேலும் ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2022இன் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்ற மக்களிடம் புதிய வரி பற்றிப் பேசுவது எளிதல்ல என்பதை நானும் அறிவேன். ஆனால் செலவு இப்போது இல்லை என்று எண்ணுவது கண்கட்டு வித்தை. செலவு இருக்கின்றது, அதைச் செலுத்துபவர் வேறொருவர். பவுசர் நீருக்குக் காத்திருப்பவரும், போத்தல் நீர் வாங்குபவரும், பத்து ஆண்டுகள் கழித்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏற வேண்டியவரும் அதைச் செலுத்துகின்றனர். லீற்றருக்குச் சில சதங்கள் என்று எல்லோரும் பகிர்ந்துகொண்டால் எவரையும் முறிக்காத சுமை, ஒரு லயத்தின் மீது மட்டும் இறங்கும்போது அவர்களை முறித்துவிடுகின்றது. ஆகவே செலவு செய்வதா விடுவதா என்பதல்ல கேள்வி. யார் தலையில் என்பதே கேள்வி.

ஊவா மக்களுக்கு நிலத்தடி நீரின் அருமையை எவரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்த பின், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். நிலத்துக்கு அடியில் நடப்பதற்கும் மேலே வாழ்பவரின் அடுப்படிக்கும் உள்ள தொடர்பை அன்றே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதே 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, ஆபத்து பற்றிய எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை இருந்தது, பொறுப்பேற்பவர் இல்லை. சரிந்து நகரும் தன்மையுள்ள இம்மலைகளில் புதைந்த தாங்கிக்கும் குழாய்க்கும் துரு மட்டுமே எதிரி அல்ல என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலில் கணக்கெடுப்பு. நாட்டில் நிலத்தடியில் உள்ள எண்ணெய்த் தாங்கிகள் அனைத்தும், பயன்பாட்டில் உள்ளவையும் கைவிடப்பட்டவையும், தோட்டங்கள், மின்நிலையங்கள், பஸ் டிப்போக்கள், இராணுவ முகாம்கள் எதையும் விலக்காமல் பதிவு செய்யப்பட வேண்டும். எங்கே இருக்கின்றது என்று தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பாளியைத் தேட முடியாது. இதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. கிராம அலுவலரும் தோட்ட அலுவலகமும் ஒத்துழைத்தால் சில மாதங்களில் முடியக்கூடிய வேலை.

அடுத்து, தேசிய சுற்றாடல் சட்டத்தில் திருத்தம். தாங்கியின் சொந்தக்காரர், இயக்குபவர், குத்தகைக்காரர் ஆகியோர் தவறு நிரூபிக்கப்படாமலே கூட்டாகப் பொறுப்பாளிகளாக்கப்பட வேண்டும். தமக்குள் யார் எவ்வளவு என்பதை அவர்கள் பின்னர் தீர்த்துக்கொள்ளட்டும். துப்புரவு அதற்காகக் காத்திருக்கலாகாது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது பிணையமோ காப்புறுதியோ காட்டப்பட வேண்டும். நிலையமோ தோட்டமோ கைமாறும்போது மண், நீர்ச் சோதனை கட்டாயமாக வேண்டும். வழக்குக்கான காலக்கெடு, கசிவு நிகழ்ந்த நாளிலிருந்து அல்லாமல் அது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். சொந்தக்காரர் இல்லாத தாங்கிகளுக்கு, எரிபொருள் விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கும் நிதியம் வேண்டும்.

இவை அனைத்திலும் மேலானதாக நான் கருதுவது ஒன்றுண்டு. உரிமை கோரும் தகுதி, நிலத்தின் உறுதிப்பத்திரத்தோடு கட்டப்படாமல், நீரைக் குடிப்பதோடு கட்டப்பட வேண்டும். ஓர் ஊற்றின் நீரைக் குடித்து வாழ்பவர் எவரும், அந்நிலம் யாருடையதாக இருந்தாலும், அதைத் துப்புரவு செய்யக் கோரி நீதிமன்றம் செல்லலாம் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதப்பட வேண்டும். இவ்வொரு வரி இல்லாவிட்டால் மற்றத் திருத்தங்கள் அனைத்தும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பயன்படலாம். மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நமுனுகலைக்கும் பயன்படா. காணியுரிமை இல்லாதவருக்கு நீருரிமையும் இல்லை என்று சொல்லும் சட்டம், இருநூறு ஆண்டுகளாக மலையகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை நிலத்துக்கு அடியிலும் தொடர்கின்றது என்றே பொருள்படும்.

மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வீடு பற்றியும் நாட்சம்பளம் பற்றியும் பேசுகின்றனர், பேச வேண்டியதுதான். ஆனால் அவர்களில் ஒருவராவது நிலத்தடித் தாங்கிகளின் பதிவேடு எங்கே என்று சபையில் ஒரு கேள்வி எழுப்பினால், அது நாட்டில் உள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு பீலிக்கும் கேட்ட கேள்வியாக இருக்கும். சுன்னாகத்தில் மக்கள் நீரைக் கண்டு அஞ்சத் தொடங்கியதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையில் ஆண்டுகள் பல கழிந்தன. மடுல்சீமையில் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தால், வழக்குத் தொடுப்பதற்குக் கம்பனியும் இராது, குடிப்பதற்கு நீரும் இராது.